கழல மறுத்த போல்ட்டும் தங்கள் மகளும்

பெஹாலா, கொல்கத்தா
புதன்கிழமை, பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி நடராஜன் அவர்களுக்கு,

கோபாலன் வணக்கம் கூறி எழுதுவது. தங்கள் சுகமும், சம்பந்தி அம்மாள் விஜயா அவர்களின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பதும் அறிய ஆவல். இங்கே நான், மனைவி வசுந்தரா, மகன் உதய், தங்கள் மகள் அக்‌ஷயா நால்வரும் சுகம். என் கைவிரல்கள் பத்தும் சுகம். விரல்களை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

போன வாரம் போனில் தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அக்‌ஷயா மெக்கானிக்கல் படித்தது சரி, அதற்காகத் தினமும் ஆலைக்குப் போய்க் கிரீஸ் கறையோடு திரும்ப வேண்டுமா, வங்கித் தேர்வு எழுதச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொன்னீர்கள். ஐயா, தயவுசெய்து பேசாதீர்கள். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ஸ்பீடு போஸ்ட்.

இந்த வாடகை வீட்டின் முன்னால் ஒரு புல்தரை இருக்கிறதே, கல்யாணம் முடிந்து வந்தபோது அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்களே, அது இந்த வருஷ மழைக்கு இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. இப்போது உட்கார்ந்தால் தங்கள் வழுக்கை மட்டும்தான் வெளியே தெரியும், தவறாக எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் விட்டுப்போன பெட்ரோல் புல் வெட்டும் மெஷின் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. இழுத்து ஓட்டிப் பார்த்தேன். பிளேடு மழுங்கிப்போய், புல்லை வெட்டாமல் தடவிக் கொடுத்தது. காளிகாட் பக்கம் போய்ப் புது பிளேடு வாங்கி வந்தேன். பழைய பிளேடை நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்கு, எத்தனையோ கப்பல்களைக் கண்டவனுக்கு, ஒரு போல்ட் எம்மாத்திரம் என்று ஞாயிறு காலை மெஷினைக் கவிழ்த்துப் போட்டு ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். நான் இருந்தது பென்ஷன் பிரிவு என்பதையும், கப்பல்களைக் கண்டது ஜன்னல் வழியாக என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

போல்ட் அசையவில்லை. உதய்யைக் கூப்பிட்டேன். அவன் வந்து போனில் மூன்று வீடியோ பார்த்தான். மூன்றிலும் போல்ட் கழன்றது. நம்முடையது மட்டும் கழலவில்லை. திங்கட்கிழமை தேங்காய் எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். பக்கத்து வீட்டு ஷ்யாமல்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஹோபே நா, தாதா, நடக்காது” என்று தலையாட்டிவிட்டு, நடக்காது என்பதைப் பார்க்க இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார். அவர்கள் துருவைப் பற்றி ஒன்றரை மணிநேரம் விவாதித்தார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வசுந்தரா இரண்டு கட்சிக்கும் டீ கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நான் முழு பலத்தையும் போட்டுத் திருப்பியதில் ஸ்பேனர் வழுக்கி, நான் மல்லாக்க விழுந்து, புல்லுக்குள் என்னைக் காணாமல் வசுந்தரா ரெண்டு நிமிஷம் தேடினாள். கண்டுபிடித்ததும் அவள் சொன்னது: “போல்ட் கழலலைங்க. உங்களுக்குத்தான் மரை கழண்டிருக்கு.”

வேலை விஷயமாகத் துர்காபூர் போயிருந்த அக்‌ஷயா அன்று சாயங்காலம்தான் திரும்பினாள். வாசலில் மெஷின் தலைகீழாகக் கிடக்கிறது, ஐந்து வங்காளிகள் நிற்கிறார்கள், மாமனார் முழங்கையில் பிளாஸ்திரி. அவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. நேராகப் போய் மெஷினின் மூக்கில் ஒரு கறுப்பு வயரைப் பிடுங்கி விலக்கி வைத்தாள்.

“பிளக் வயரைக் கழட்டாமயா மூணு நாளா கையை விட்டீங்க மாமா?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“பிளேடைத் திருப்பும்போது இன்ஜின் ஒரு தடவை ஸ்டார்ட் ஆயிட்டா போதும். விரல் இருக்காது.”

சம்பந்தி, நான் என் விரல்களை எண்ணினேன். இன்னொரு தடவையும் எண்ணினேன். ஷ்யாமல்தா அவருடையதை எண்ணிக்கொண்டார்.

பிறகு கேட்டாள், “இதுவரைக்கும் எந்தப் பக்கம் திருப்பினீங்க?” காட்டினேன். மெஷின் தலைகீழாகக் கிடப்பதால் போல்ட்டையும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தானே திருப்ப வேண்டும் என்று என் தர்க்கத்தையும் விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை, ஐயா. என் மகனாயிருந்தால் சிரித்திருப்பான், சிரிக்கவும் செய்தான். அவள் மட்டும் மெதுவாக, “போல்ட்டைப் பார்த்துதான் மாமா திருப்பணும். மூணு நாளா நல்லா இறுக்கியிருக்கீங்க” என்றாள்.

துருவுக்கான எண்ணெயைப் பீய்ச்சி, காபி குடித்து முடிக்கும்வரை ஊறவிட்டாள். பிளேடு சுற்றாதபடி ஒரு மரக்கட்டையைச் செருகினாள். ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்ப் பைப்பை மாட்டி, அதன் கடைசி முனையை இரண்டு கையாலும் பிடித்தாள். முகத்தில் ஆத்திரமில்லை, அவசரமில்லை. ஐம்பது கிலோகூட இராது அந்தப் பெண். சாவி போட்டுப் பூட்டைத் திறப்பவள்போல ஒரு அழுத்து அழுத்தினாள்.

‘டக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்! தீபாராதனைக்குத் திரை விலகினாற்போல் எல்லாரும் அப்படியே நின்றோம். ஷ்யாமல்தா செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. அக்‌ஷயா போல்ட்டை விரலாலேயே சுற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. கிரீஸ் கறை படிந்த அந்தக் கையைத்தானே கறை என்று தங்களிடம் குறை சொன்னேன் என்று நினைத்தேன். “எப்படிம்மா?” என்றேன். “இதைவிடப் பெரிசெல்லாம் ஆலையில தினமும் கழட்டறேன் மாமா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில், ஆலையில் உனக்கு என்னம்மா வேலை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே, வங்கித் தேர்வு வேண்டாம். தாங்கள் பெற்ற பிள்ளை போகிற வழியிலேயே போகட்டும். இன்று காலை, “புது பிளேடை சாயங்காலம் நான் மாட்டறேன், நீங்க தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அலுத்து வருகிற குழந்தைக்கு எதற்குச் சிரமம் என்று, அவளிடம் கற்ற வித்தையை வைத்து நானே மாட்டிவிட்டேன். வயரைக் கழற்றினேன், கட்டையைச் செருகினேன், சரியான பக்கம் திருப்பினேன். ஸ்பேனரில் பைப்பைப் போட்டு, பைப்பின்மேல் ஏறி நின்று இறுக்கியிருக்கிறேன். வந்து பார்த்தால் மகிழ்வாள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். வசுந்தரா தைலம் அனுப்புகிறாள். தங்கள் வீட்டுக் கதவு, குழாய், மிக்ஸி எல்லாம் பழுதின்றி நீடூழி இயங்க வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
கோ. கோபாலன்

பி.கு.: மணி ஆறு. தபால் ஆபீசுக்குப் போவதற்குமுன், வேலையிலிருந்து வந்த அக்‌ஷயாவுக்கு மெஷினை ஓட்டிக் காட்டினேன். புல் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. மரியாதையாகக் குனிந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. அவள் அடியில் பார்த்துவிட்டு, “வளைஞ்ச முனை மெஷின் பக்கம் பார்க்கணும் மாமா. பிளேடைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க” என்கிறாள். கழற்ற அரை மணியாகப் பார்க்கிறாள். எண்ணெய், கட்டை, பைப் எல்லாம் ஆயிற்று. மேலே நான் அவளைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் நான் இறுக்கியது அவளுக்கும் அசையவில்லை. ஷ்யாமல்தா அந்த நாலு பேரையும் கூட்டிவரப் போயிருக்கிறார். அவள் பைப்பின்மேல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிறாள்: “மாமா, பேனாவை வச்சிட்டு வாங்க. உங்க வெயிட்டும் வேணும்.”