மண்ணெண்ணெய் ஒழிப்புத் தீர்மானம்

மனித குலத்தைத் தீயிலிருந்து காக்கும் பொறுப்பு, கடைசியில் ஒரு கல்லூரியின் பாதுகாப்புக் குழுவிடம் வந்து சேர்ந்தது. ஏழு கூட்டம், பதினான்கு தட்டு பிஸ்கட்டுக்குப் பிறகு குழு ஒரு 'பயங்கரத்தை'க் கண்டுபிடித்தது: வேதியியல் ஆய்வகத்தில் சோடியம் என்னும் உலோகத்தை, எளிதில் பற்றியெரியக்கூடிய மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார்கள்!

தீர்மானம் ஒன்பது: மண்ணெண்ணெயை அகற்றித் தண்ணீர் ஊற்றுக.

தீர்மானத்தோடு ஆய்வகத்துக்கு வந்த குழுவை ஆய்வக ஊழியர் மறித்தாள். பதினொரு வருடமாக அவள் 'தற்காலிகம்'. பணி நிரந்தரக் கோப்பு குழுத் தலைவரின் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஐயா, தண்ணி பட்டா சோடியம் வெடிக்கும்யா!"

"தண்ணி தீயை அணைக்கும்மா. தீயணைப்பு வண்டியில என்ன மண்ணெண்ணெயா கொண்டுவர்றாங்க?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டி மகிழ்ந்தார்கள்.

கையெழுத்து போனால் போகிறதென்று, அவள் பயறளவு துண்டு ஒன்றை வெட்டித் தொட்டித் தண்ணீரில் போட்டாள். அது உருகி உருண்டையாகி, உஸ்ஸென்று தண்ணீர்மேல் அங்குமிங்கும் ஓடி, மஞ்சளாகப் பற்றிக்கொண்டு, டப்பென்று மறைந்தது.

"பாத்தீங்கல்ல? ஜாடியில இருக்கிறது கால் கிலோ!"

தலைவர் நெகிழ்ந்து போனார். "என்ன சுறுசுறுப்பு! பாவம், இத்தனை நாளா அடைச்சு வெச்சிருக்கீங்களே! ஊழியர்னா இப்படி ஓடணும்."

ஓர் உறுப்பினர் கையுறை மாட்டி மண்ணெண்ணெயை வடித்தார். ஜாடி குழாயடித் தொட்டியில் வைக்கப்பட்டது. தண்ணீரைத் திறக்கும் வால்வு வராந்தாவில் இருந்தது. கல்வெட்டில் பெயர் வருமென்ற நம்பிக்கையோடு தலைவர் அங்கே போனார். மற்றவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அட, வெளிய போங்கய்யா!" என்று அவள் எட்டுப் பேரையும் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளினாள். இடையில் நல்ல சுவர், நல்ல கனம்.

தலைவர் வால்வைத் திருகினார்.

ஜன்னல்கள் போயின. தொட்டி மூன்றானது. மின்விசிறி கீழே வந்து ஓய்வெடுத்தது. தலைவரின் மீசை முழுக்கச் சுண்ணாம்பு. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வந்த நிம்மதியில் அவள் சிரித்தே விட்டாள்.

விசாரணையை நடுநிலையோடு நடத்த, அதே குழு நியமிக்கப்பட்டது. மறுநாளே அறிக்கை வந்தது:

"வெடிக்கும் என்பது குழுவில் எவருக்கும் தெரியாது. முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே நபர் ஆய்வக ஊழியர். உறுப்பினர்களை முன்னதாகவே வெளியே தள்ளியதால் இது ஐயமற நிரூபணமாகிறது. எனவே விபத்துக்கு அவரே முழுப் பொறுப்பு."

கீழே, பதினொரு வருடமாக அவள் காத்திருந்த தலைவரின் கையெழுத்து.