சனியைப் பிடிக்கப் போனவர்

“இன்னிக்கும் உடைச்ச முட்டை மாதிரிதான் தெரியுது!”

மொட்டைமாடியில், சின்னத் தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணை ஒட்டியபடி புலம்பினார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிறவருக்குச் சனி கிரகம் மட்டும் ஒரு மாதமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் காசு போல ஆடிக்கொண்டிருந்தது. வளையத்தோடு ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். இந்த வாரம் போனால் சனி எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிடும்; அப்புறம் அடுத்த வருஷம்தான்.

“வானம் மந்தாரமா இருந்தா அது என்னங்க பண்ணும்? வந்து உக்காருங்க” என்றாள் மனைவி.

படம் விழாத நாளில் அவர் வேறு வழியில்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவார். போன வருஷம் நிலாப் படம் நன்றாக விழுந்துவிட்டது. அதைத் திருத்துகிறேன் என்று கம்ப்யூட்டர் அறைக்குள் போனவர், மாதக்கணக்கில் சாப்பிட மட்டுமே வெளியே வந்தார். அத்தனை நாளும் வீட்டில் அவளோடு பேசியது டி.வி. ஒன்றுதான்.

“கண்ணாடியில பனி படியுது. கொஞ்சம் வெந்நீர் போடேன். பாட்டில்ல ஊத்தி இந்தக் குழல்ல வச்சுக் கட்டினா பனி விட்டுடும்.”

“பெரிய பாத்திரமாவே வைக்கிறேன்” என்று உற்சாகமாக இறங்கிப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில் சனி முன்னைவிட மோசமாகத் துள்ளியது. வெந்நீர் பாட்டிலைக் கட்டியும் பனி விடவில்லை.

“இன்னொரு பாத்திரம் அடுப்புல இருக்கு, கொண்டு வரட்டுமா?”

“வேணாம், வேணாம்” என்று தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து சொருகினார். ‘டப்’ என்றது. கட்டடமே இருண்டது.

“வேற யாரு, மாடி விஞ்ஞானிதான்!” என்று கீழே யாரோ கத்தினார்கள்.

கூச்சத்தில் அவர் மறுபடி தொலைநோக்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். புதைத்தவர் அலறினார்.

“இங்க வாயேன், சீக்கிரம்! வளையம்!”

சனி அசையாமல் நின்றது. வளையம் கீறி வைத்தது போல அத்தனை துல்லியம். அவளும் பார்த்தாள். “அம்மாடி, எவ்வளவு அழகு” என்றாள், நிஜமாகவே.

கேமராவை அமுக்கினார். அது கரண்டில் ஓடுவது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் ஃபியூஸைப் போட்டான். விளக்கு எரிந்தது, அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமியது, சனி மறுபடி உடைந்த முட்டையாயிற்று.

“பாழாப்போன மேகம்!” என்று தொலைநோக்கியை விட்டு எழுந்தார் கடைக்காரர். “என் சனியை மறைக்கிறதே அதுக்கு வேலையாப் போச்சு!”

அதற்குள் மேலே வந்துவிட்ட எலக்ட்ரீஷியன் கைப்பிடிச் சுவருக்கு வெளியே டார்ச் அடித்தான். மனைவி சட்டென்று நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்தாள்.

“மேகம் இல்ல சார், உங்க அடுப்படி ஃபேன் குழாய்தான் நேரா இங்க ஆவியை ஊதுது. திருப்பி வச்சுடறேன்னு போன மாசமே சொன்னேன். ‘வேணாம் தம்பி, படம் விழுந்துட்டா அவர் மறுபடி ரூமுக்குள்ள போயிடுவார்’னு அக்காதான் தடுத்துட்டாங்க.”