செவந்தியின் கைநாட்டு

"ஏங்க, இதுல நான் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?" என்று ராக்கன் நீட்டிய விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துக் கேட்டாள் செவந்தி.

ராக்கன் கீரனூர் தாலுகா ஆபீஸில் டவாலிச் சேவகர். வருகிற ஜூனோடு ரிட்டயர். பெண்டாட்டிக்குத் தெரியாமல் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பன்னிரண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகப் போட்டுவைத்திருந்தார். தெரிந்தால் போச்சு! அவள் அண்ணன் பெரியகருப்பன் ஒருமுறை மூக்கை உறிஞ்சினால் போதும், முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுவாள் மகராசி.

"மொத்தத்தையும் முதுமை வைப்புல போட்டுருங்க. ஆயுசுக்கும் மாசாமாசம் வட்டி வரும், யாருகிட்டயும் கையேந்த வேணாம்" என்று சங்கத்துச் செக்ரட்டரி ஆத்மநாதன் சொல்லியிருந்தார். "ஆனா, வாரிசா ஒங்க சம்சாரம் கைநாட்டு வைக்கணும். திங்கக்கெழமைதான் கடைசி நாளு."

இன்று சனிக்கிழமை.

"ரேசன் கடைச் சீனி கார்டுக்குப் புள்ள" என்றார் ராக்கன்.

"கார்டுக்கா? கை கோத்த முத்திரை போட்டிருக்கே, இது சங்கத்துக் காயிதமுல்ல? இப்ப யாருக்கு ஜாமீன்? போன தடவை நீங்க ஜாமீன் போட்ட லட்சணத்துலதானே நம்ம பசுவை ஓட்டிட்டுப் போனாங்க!"

ராக்கன் பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பாரமும் மைப்பெட்டியுமாகப் பூனைபோலப் போய்க் கட்டைவிரலைப் பிடித்து மை தடவினார். அந்நேரம் பார்த்து அவள் மூக்கில் ஒரு ஈ உட்கார வேண்டுமா? படாரென்று அந்தக் கையாலேயே அடித்துக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் மை, பாரம் ரெண்டு துண்டு.

"ஐயையோ, தூங்குறவகிட்டத் திருட்டுக் கைநாட்டு வாங்குறாரே!"

தெருவே கூடிவிட்டது. மானம் கப்பலேறினாலும் பாரம் முக்கியமாயிற்றே என்று ராக்கன் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார். அதற்குள் சேதி பெரியகருப்பன் காதுக்கு எட்ட, அவர் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"என்ன மாப்ளே, வீட்டை அடமானம் வைக்கப் பாக்குறீங்களாமே?"

"சத்தியமா இல்ல மச்சான்!"

"அப்பச் சரி, நேராச் சங்கத்துக்கே போயிக் கேட்டுருவோம்."

செவந்தி சட்டென்று பின்வாங்கினாள். "அங்கிட்டெல்லாம் நான் வரமாட்டேன். அது என்ன, பொம்பள போற எடமா?"

ராக்கனுக்கு வந்ததே கோபம்! ஜாமீனில் போன பசுமாட்டுப் பழியை இன்னும் எத்தனை காலம் சுமப்பது?

"வா புள்ள! இருக்குறதை ஒங்கண்ணன் கொண்டுபோனாலும் போகட்டும். நான் யோக்கியனா இல்லையான்னு இன்னிக்கித் தெரிஞ்சிரணும்."

வரமாட்டேன் வரமாட்டேன் என்றவளை இருவருமாகச் சங்கத்துக்கு இழுக்காத குறையாக அழைத்துப் போனார்கள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த முனியாயி நிமிர்ந்து பார்த்தாள். மோவாயில் கைவைத்தாள்.

"ஏத்தா செவந்தி, புருசனுக்கும் அண்ணனுக்கும் தெரியக்கூடாதுன்னு பத்து வருசமாக் கொல்லப்பக்கமா வந்து சேமிப்புப் பணங்கட்டிட்டுப் போறவ, இன்னிக்கி ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாசல் வழியா வந்திருக்கே?"