ஆறு பொம்மைகளும் ஒரு மீசையும்

பெற்ற மகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு மதிப்பெண் போட்ட ஆள் நான். என்றைக்காவது இதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். இன்றைக்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நிலாவுக்கு அப்போது ஏழு மாதம். சென்னைப் புறநகரான நூம்பலில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில், இரண்டாவது மாடியில் இருந்தோம். சந்தா கட்டினால் குழந்தையின் வயதுக்கு ஏற்ற பொம்மைகளை அவ்வப்போது பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒரு பெட்டியை என் மனைவி ரெஜினாவின் அலுவலகத் தோழிகள் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஆறு பொம்மைகள். மர வளையக் கிலுகிலுப்பை, தொட்டால் சரசரக்கும் துணிப் புத்தகம், உடையாத கண்ணாடி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மேலே போட்டால் பக்கவாட்டில் உருண்டு வரும் பந்துப் பெட்டி, இழுக்க இழுக்கக் கைக்குட்டை வந்துகொண்டே இருக்கும் துணி டப்பா. கூடவே ஒரு கையேடு. எந்தப் பொம்மை மூளையின் எந்த மூலையை வளர்க்கும் என்று அதில் வண்ணப் படம் போட்டிருந்தார்கள்.

எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்து கொடுத்ததைத் தட்டிப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வண்ணப் படத்தை நம்பிவிடுவேனா?

எதிர் வீட்டு ஷபானாவுக்கும் மூன்றாவது மாடி கீர்த்தனாவுக்கும் ஏறக்குறைய நிலா வயதில் குழந்தைகள் இருந்தார்கள். பெட்டி வந்த சேதி தெரிந்ததும் கீர்த்தனா படியில் மடக்கிக் கேட்டாள்.

"அண்ணா, நீங்க வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. நல்லா இருந்தா மூணு வீடும் சேர்ந்து சந்தா கட்டி, மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்."

சும்மா பேச்சுக்குச் சொன்னது. நான்தான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பொம்மை, பார்த்த நேரம், பிடித்த நேரம், வாயில் வைத்த நேரம், குறிப்பு. மூன்று வாரம் தினமும் காலையில் குளிப்பாட்டியதும் நிலாவைப் பாயில் உட்கார வைத்து, எதிரே சம்மணம் போட்டு, செல்போனில் நொடி எண்ணுவேன்.

பொய் சொல்லக்கூடாது, அந்த மூன்று வாரமும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஜீவன் உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை அவ்வளவு பக்கத்தில் இருந்து நான் பார்த்ததே இல்லை. பந்தைப் பெட்டியில் போட்டால், பந்து போன ஓட்டையைப் பார்க்காமல் என் கையைத்தான் சந்தேகத்தோடு பார்த்தாள். கண்ணாடியை நீட்டினால், அதில் தெரிந்த பாப்பாவை நக்கிப் பார்த்துவிட்டு, பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று கண்ணாடியைத் திருப்பினாள். கிண்ணங்களை அடுக்குவது என் வேலை, தட்டிவிடுவது அவள் வேலை என்று நாங்களே பேசாமல் பிரித்துக்கொண்டோம்.

பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் சற்று நேரத்தில் அதைக் கீழே போட்டுவிட்டு, முன்னால் சாய்ந்து என் மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுப்பாள். குறிப்புப் பகுதி முழுவதும் 'கவனம் சிதறல் – மீசை', 'கவனம் சிதறல் – மீசை' என்றே நிரம்பியது. முடிவு தெளிவாக வரவேண்டுமானால் தொந்தரவு செய்யும் காரணத்தை முதலில் விலக்கவேண்டும். டெஸ்டிங்கில் இது பால பாடம்.

விலக்கினேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெஜினா முதல் நாளே குழந்தையோடு ஆவடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே சர்ச்சில் காலைப் பூசை முடிந்து அவள் திரும்பி வந்ததும், பதினொரு மணிக்கு ஷபானாவையும் கீர்த்தனாவையும் குழந்தைகளோடு கூப்பிட்டு, நிலாவை வைத்தே பொம்மைகளை விளக்கிக் காட்டித் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. கண்ணாடி முன் நின்று பதினாறு வயதிலிருந்து வளர்த்த மீசையை ஐந்தே நிமிடத்தில் வழித்தெடுத்தேன். (உதட்டுக்கு மேலே இவ்வளவு இடம் சும்மா கிடந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.)

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பாயில் பொம்மைகளை வரிசையாக வைத்துவிட்டு நோட்டும் கையுமாக நின்றேன். கதவு திறந்தது. இடுப்பில் நிலாவோடு ரெஜினா. என்னைப் பார்த்து அரை நொடி, "சாரி, வீடு மாறி…" என்று பின்வாங்கப் போனாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சொல்றேன். முதல்ல பாப்பாவைக் கொடு."

இரண்டு கையையும் நீட்டிச் சிரித்தேன். நிலா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. அடுத்து வந்த அலறலில் மாடிப்படிப் புறாக்கள் பறந்தன. அவள் அழுததைப் பார்த்து ஷபானாவின் மகள் அழுதாள். இருவரும் அழுவதைப் பார்த்து, நியாயம்தானே என்று கீர்த்தனாவின் மகனும் சேர்ந்துகொண்டான்.

"பாப்பா, அப்பாதான்டா!" என்றேன். சட்டென்று அழுகை நின்றது. குரல் வந்த திசையில் ஆசையோடு திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள். முன்பைவிடப் பலமாக அலறினாள்.

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆனாலும் பாழாய்ப்போன புத்தி விடவில்லை. துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு "நிலாக்குட்டி" என்றேன். சிரிப்பு. துண்டை இறக்கினேன். அலறல். மறைத்தேன். சிரிப்பு. இறக்கினேன்…

"அதை மொதல்ல நோட்டுல எழுதுங்க!" என்றாள் ரெஜினா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துக் கீழ்த்தள லூர்து அண்ணன் வந்தார். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் அவர் பொறுப்பு. அவருடைய மீசைக்குத் தனியாக ஒரு வீட்டு எண் கொடுக்கலாம், அவ்வளவு பெரிது.

"மோட்டார் போட்டுக்கீறேன், தண்ணி புட்ச்சிக்கோங்க… இன்னா சார் இது? மீசைய எங்க காணோம்? கொயந்த பயந்துகினு கீது பாரு!"

நிலா திரும்பினாள். அழுகை பாதியில் அறுந்தது. ரெஜினாவின் இடுப்பிலிருந்து அப்படியே அவர் பக்கம் தாவி, இரண்டு கையாலும் அந்த மீசையைப் பற்றிக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"ஐய, பிச்சி எடுக்குது சார்," என்றார் லூர்து அண்ணன். ஆனால் முகத்தை விலக்கவில்லை.

கீர்த்தனா பாயில் கிடந்த ஆறு பொம்மைகளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "அண்ணா, இது எந்த மாசத்துப் பாக்ஸ்ல வரும்?"

கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மகள் இன்னொருவர் தோளில் சாய்ந்து, என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சில் முள் குத்தும்.

அடுத்த சில நாட்கள் நிலா என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. பரிதாபப்பட்ட ரெஜினா, புருவப் பென்சிலால் எனக்கு மீசை வரைந்துவிட்டாள். நிலா நெடுநேரம் ஆராய்ந்தாள். விரலால் தேய்த்தாள். விரலை வாயில் வைத்தாள். முடிவில் எனக்குப் பாதி மீசை, அவளுக்குப் பாதி மீசை. அந்தக் கோலத்திலேயே அலுவலக வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்து, கேமராவை அணைக்க மறந்து… அதை விடுங்கள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, தானே தவழ்ந்து என் மடியில் ஏறினாள். முளைவிட்டிருந்த மயிரை ஒற்றை விரலால் தொட்டாள். குத்தியது. கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். களுக்கென்று சிரித்தாள். அப்போது என் கையில் நோட்டு இல்லை.

தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆறில் இரண்டு தேறின. துணி டப்பா, கிண்ணங்கள். பந்துப் பெட்டிக்கு இன்னும் சில மாதம் வளர்ந்திருக்கவேண்டும். மற்றவை மோசமில்லை, வீட்டுச் சாமான்களோடு போட்டியிட முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று வீடும் சந்தா கட்டவில்லை. அந்தப் பெட்டியையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

இப்போது நிலா யூகேஜி படிக்கிறாள். சொந்தத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்து, என்ன பொம்மை வாங்கலாம் என்று பேச்சு வந்தாலும், "அவரைக் கேக்காதீங்க, மீசையை எடுத்துடுவாரு" என்று ரெஜினா ஆரம்பிப்பாள். மீதிக் கதையை நிலா பிடுங்கிக்கொள்வாள். அலறிக் காட்டுவாள், துண்டை முகத்தில் போட்டுக் காட்டுவாள், லூர்து மாமா குரலில் பேசுவாள். அத்தனையும் நேரில் பார்த்த சாட்சி மாதிரி.

"ஏழு மாசக் குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காதுடா," என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் அங்கதானேப்பா இருந்தேன்!" என்றாள்.