மாடி வீட்டு கஜேந்திரனும் அக்காவின் முகூர்த்தப் பாவும்

பேய்க்கு ஆதார் அட்டை கிடையாது. பேய்ப் படங்கள் என்னைப் பயமுறுத்தாததற்கு அதுதான் காரணம். தலைவிரி கோலமாக ஒருத்தி கிணற்றிலிருந்து ஏறி வந்தால், நான் பொரியைக் கொறித்தபடி, ஈரப் புடவையோடு எப்படி இவ்வளவு வேகமாக ஏறினாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனால் படம் தொடங்கும் முன் கறுப்புத் திரையில், "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், பொரி தொண்டையிலேயே நின்றுவிடும். அப்படிப் படத்தில் வரும் கொலைகாரனுக்கு ஆதார் அட்டை உண்டு. ரேஷன் கார்டு உண்டு. எங்கேயோ வாடகை கொடுத்துக் குடியிருக்கிறான்.

எங்கள் வீட்டு மாடியில்கூட இருக்கலாம்.

நான் எளிதில் பதறுகிறவள் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். உடைந்த பாகத்தை மேசைமேல் வைத்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. சாத்தியமான காரணங்களையெல்லாம் வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம். (இரும்புக்கு இந்த முறை அருமையாகப் பொருந்தும். மாடியில் குடியிருக்கிறவர்மேல் பிரயோகிக்கக் கூடாது.)

அப்படி ஒரு படத்தை நான் கைபேசியில் பார்த்தேன். முதல் ஷிப்ட்டுக்காக விடியற்காலையில் பஸ் பிடிக்கப் போகும் பெண்களை ஒருவன் பின்தொடர்கிறான். அவனுக்கு ஒரு தோள் சற்றுச் சரிந்திருக்கும். நடை ஆடி ஆடி வரும். கையில் கயிறு. "நில்லும்மா" என்று மட்டும் சொல்வான், அதையும் அன்பாகச் சொல்வான். படம் முடிந்தபின் அக்கம்பக்கத்தார் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள்: "ரொம்ப அமைதியானவருங்க. தினமும் கோயிலுக்குப் போவாரு. இப்படிப் பண்ணுவாருன்னு நெனச்சே பாக்கல."

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கடைசியில் நிஜமாகவே இறந்துபோன பெண்ணின் புகைப்படத்தைக் காட்டினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. என்னுடையதைப் போலவே நீல நாடா. அவளும் முதல் ஷிப்ட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தியின் தங்கை செத்ததை நான் பொரியோடு பார்த்து முடித்திருக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. அதன்பின் தூக்கம் வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று எழுந்து பார்ப்பதும், பார்த்தோமா என்று மறுபடி எழுவதுமாக வாரங்கள் கழிந்தன. பார்க்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? இல்லை. அதே மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். தற்காப்புக்கு உதவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி மாடிக்கு வருவோம். சித்திரையில் குடிவந்தவர் கஜேந்திரன். பெருமாள் கோயிலில் சீர்பாதம் தாங்கி. உற்சவத்தின்போது சுவாமியைத் தோளில் சுமப்பவர். வருடக்கணக்காகப் பல்லக்குத் தண்டு அழுத்தியதில் வலது தோளில் ஓர் உருண்டை காய்த்திருந்தது. அதனால் இடது தோள் சரிந்தாற்போல் தெரியும். சுமையில்லாமல் வெற்றிலை வாங்கப் போனால்கூட, பெருமாள் மேலே இருப்பதுபோல அசைந்து அசைந்துதான் நடப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டியல் போட்டேன். தோள் பொருந்துகிறது. நடை பொருந்துகிறது. தனியாக இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை, தினமும் கோயிலுக்குப் போகிறார். விடியுமுன் கிளம்பி, வேட்டியில் எண்ணெய்க் கறையோடு திரும்புகிறார். அதைத் தானே துவைக்கிறார். (கல்யாணமாகாத ஆண் வேட்டி துவைத்தால் கொலைகாரன், துவைக்காவிட்டால் அழுக்கன். ஆண்கள் பாடும் கஷ்டம்தான்.) எதையுமே என்னால் அடிக்க முடியவில்லை. அமைதியாக இருப்பதுதான் குற்றம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் பிடிபட வேண்டியவள் நான்தான் என்பது அப்போது தோன்றவில்லை. கைப்பையில் ஒரு கூர்மையான கத்திரிக்கோல் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் வீடு முழுக்க சுகன்யா அக்காவின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார், "நீங்களே நெய்யற புடவைதான் முகூர்த்தத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டதால் அப்பா தலைகால் புரியாமல் இருந்தார். புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கு நீக்கிச் சுற்ற வேண்டும். வெயில் ஏறினால் பட்டு முறுக்கிக்கொள்ளும் என்பதால் விடியும்போதே தொடங்கிவிடுவார்கள். எங்கள் சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்ததால், அடுத்த தெருவில் கட்டுவதாக அப்பா இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாராம். உதவிக்குக் கஜேந்திரன் வருவதாகவும் சொன்னாராம். நான் தலையை ஆட்டினேனாம். என் காதில் இயர்போன் இருந்தது. அதில் வேறொரு ஊரின் வேறொரு கொலை ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள், கிழக்கு லேசாக வெளுக்கும் நேரம். கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சந்தில் ஒருவரும் இல்லை. பள்ளத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் எங்கள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கஜேந்திரன். சரிந்த தோளில் ஒரு கயிற்றுச் சுருள். ஒரு கையில் மரச் சுத்தி. இன்னொரு கையில், ஒரு முனை சீவிய முளைக்குச்சிகள்.

படத்தில் கயிறு மட்டும்தான் இருந்தது.

நடையைக் கூட்டினேன். பின்னால் செருப்புச் சத்தமும் கூடியது. நின்று கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். அவரும் நின்று, நழுவிய கயிற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அந்தப் பெண்ணின் புகைப்படம் கண்முன் வந்தது. நாளை என் புகைப்படத்தைக் காட்டுவார்களே, அடையாள அட்டையில் நான் தூங்கி வழிவதுபோல் இருப்பேனே என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. சந்து முடிந்து தெரு திரும்பும் இடம் தெரிந்தது. அதைக் கடந்தால் பெரிய சாலை. ஓட ஆரம்பித்தேன்.

"யம்மா! நில்லும்மா!"

அதே வார்த்தை. அதே அன்பு. கழுத்தைப் பின்னால் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். சுத்தியை உயர்த்தி ஆட்டிக்கொண்டு அவரும் ஓடி வந்தார். "நில்லும்மா! முன்னாடி பாரு! அங்க போவாத!"

முன்னாடி பார்க்கச் சொல்லும் கொலைகாரனை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தெருவுக்குள் பாய்ந்தேன்.

இடுப்பில் ஏதோ பிடித்தது. ஒரு கை இல்லை, ஓராயிரம் விரல்கள். வழவழவென்று, சத்தமில்லாமல், நான் திமிரத் திமிர இறுக்கியது. அடையாள அட்டை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, பையின் கொக்கி மறுபக்கம். வலை வீசிவிட்டான் என்று முடிவு செய்தேன். பைக்குள் கை விட்டுக் கத்திரிக்கோலை எடுத்தேன்.

தெருக்கோடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "யார்றா அது பாவுல?" பிறகு அடிவயிற்றிலிருந்து, "நிவேதா! கத்திரியக் கீழ போடும்மா! ஐயோ, போடும்மா!"

அப்பாவையும் பிடித்துவிட்டான் என்று நினைத்தேன். வெட்டினேன்.

வீணைக் கம்பி அறுவதுபோல் ஒரு சத்தம். அரக்குச் சிவப்பில் ஒரு கற்றை துள்ளிச் சுருண்டது. நான் தறிகாரர் மகள். எங்கள் பக்கம் தெருவில் பாவு கட்டியிருந்தால் நாய்கூடச் சுற்றிக்கொண்டு போகும். அந்தப் பட்டு முகத்தில் உரசியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குள், என் இழுப்பில் பாவைத் தாங்கிய கம்பு சாய்ந்துவிட்டிருந்தது. அத்தனை பட்டும், சந்து முனைவரை வந்திருந்த குழாய்ப் பள்ளத்துச் சேற்றை நோக்கி இறங்கியது.

கஜேந்திரன் சுத்தியை வீசி எறிந்துவிட்டுக் குனிந்து, கம்பின் அடியில் காய்த்த தோளைக் கொடுத்தார். பாவு நின்றது. அதற்குப்பின் அவர் அசையவேயில்லை. ஐந்தாறு பேர் வந்து, நான் ஒரு பழைய கடிகாரம் என்பதுபோல் ஒவ்வோர் இழையாக என்னிடமிருந்து கழற்றும்வரை, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

அக்கா நைட்டியோடு ஓடி வந்தாள். அறுந்த கற்றையைப் பார்த்தாள். என் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மல்லிகா அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "முகூர்த்தப் பாவுல கத்திரி பட்டுடிச்சே, இது நல்லதுக்கா?" என்று ஆரம்பித்தார். அப்பாவின் உதடு துடித்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்துவிடுவேனோ என்று பயந்தேன். எந்தப் படமும் தராத பயம் அது.

"எதுக்குடி வெட்டின?" என்றாள் அக்கா.

பொய் சொல்லலாம். ஆனால் உண்மையைக் கேட்க வேண்டிய ஆள் கம்பைச் சுமந்துகொண்டு எதிரிலேயே நின்றார். சொன்னேன். படம், தோள், நடை, கயிறு, வேட்டி துவைத்தது எல்லாவற்றையும். (பட்டியலை வரிசை மாறாமல் சொன்னேன் என்று அக்கா இன்றும் குத்திக்காட்டுகிறாள்.)

கஜேந்திரன் முகம் சுருங்கியது.

"பெருமாளே என் தோள நம்பி ஏறிக்கினு வராரு. உனக்கு மட்டும் நம்பிக்க வரலியாமா?"

தலை நிமிர முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்கண்ணா" என்றேன்.

மல்லிகா அத்தை விடவில்லை. "அதெல்லாம் சரி, அபசகுனம் ஆயிடிச்சே!"

அக்கா நிமிர்ந்தாள். "கத்திரி பாவு மேலதான் பட்டுது அத்த, மாப்பிள்ள மேல படல. வாங்க, உக்காந்து முடிச்சுப் போடலாம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேட்டி தொவச்சதுக்காடி ஒருத்தர கொலகாரன்னு சொல்லுவ!" கம்புக்கு அடியிலிருந்து கஜேந்திரனும் சிரித்தார். "சிரிக்க வைக்காதமா, கம்பு ஆடுது!"

பஸ் போய்விட்டது. நான் விடுப்பு சொல்லிவிட்டு, பட்டு வழுக்காமலிருக்க விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முடிச்சுப் போட உட்கார்ந்தேன். ஒரு பாவில் மூன்று புடவை வரும். முதலில் நெய்வது அக்காவின் முகூர்த்தத்துக்கு, அடுத்தது அவளுடைய மாமியாருக்கு, மூன்றாவது எனக்கு என்றைக்காவது கல்யாணம் நடந்தால் கட்டிக்கொள்ள. அப்பா வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். அது பாவின் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நுணுக்கமாக முடிந்தாலும் நெய்த பிறகு அந்த இடம் கைக்குத் தட்டுப்படும் என்றார்.

"இந்த முனையிலருந்து நெய்ய ஆரம்பிச்சா பெரியவ புடவையில வரும். அந்த முனையிலருந்து ஆரம்பிச்சா..." என்று என்னைப் பார்த்தார்.

"அந்த முனையிலருந்தே ஆரம்பிப்பா," என்றேன்.

அக்காவின் கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவள் புடவையில் ஒரு குறையும் இல்லை. மல்லிகா அத்தையே ஓரத்தைப் பிடித்துச் சோதித்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார்.

கஜேந்திரன் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் படத்த எங்க பாக்கலாம்?" வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பார்த்துவிட்டார். அன்று முதல் மாடியில் விளக்கு அணைவதில்லை. படுக்கப் போகுமுன் கீழே வந்து, "தாழ்ப்பா போட்டீங்களாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நான் எழுந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கும் சேர்த்து அவர் பார்க்கிறார்.

என் புடவை பீரோவில் இருக்கிறது. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் சுரேஷ் மாமா, பேச்சு கொஞ்சம் தொய்ந்ததும், யாரும் கேட்காமலே அந்தப் புடவையை எடுத்து வந்தார். மடிப்பைப் பிரித்து, அந்தச் சொரசொரப்பான இடத்தில் விரலை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் புடவை," என்றார், "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது."

வந்தவர்கள் விழித்தார்கள். அவர்களுக்கு விளக்குவது தன் கடமை என்று நினைத்தோ என்னவோ, வாசற்படியில் உட்கார்ந்திருந்த கஜேந்திரன் அண்ணன் எழுந்து, அசைந்து அசைந்து உள்ளே வந்து கைகூப்பினார்.

"அதுல வர்ற கொலகாரன் நான்தாங்க."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.