சார்லட் அமலியில் ஒரு பைலட் மாப்பிள்ளை

சார்லட் அமலி நகரம்,
செயின்ட் தோமஸ் தீவு.

மதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மகேந்திரராசா அண்ணைக்கு,

தம்பி சிறீஸ்கந்தராசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் உடம்பில் வேர்வையும் மனத்தில் குழப்பமுமாக ஒருவாறு சுகம். டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயில் நீங்களும் அண்ணியும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டிலிருந்து என் மனுசி புஷ்பராணி போன் எடுத்து, நான் சொன்னதாக ஏதும் சொன்னால், இக்கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை தயவுசெய்து நம்பவேண்டாம்.

பவளப்பாறை ஆராய்ச்சி என்று இந்தத் தீவுக்கு வந்த எங்கள் மகள் துவாரகா, இனி இங்கேதான் இருக்கப்போகிறேன், ஸ்ரிபன் என்ற பைலட்டைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்றே நீங்கள் எனக்குக் கட்டளை இட்டீர்கள். பொடியனையும் ஊரையும் நேரில் போய்ப் பார்க்கவேண்டும், போனில் நான் எல்லாருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறவன் என்றபடியால் பார்த்ததைக் கடிதமாக எழுதவேண்டும், பைலட் என்றால் கிரின்ஸ்டெட்டுக்குக் கிட்டிய விமான நிலையத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு அவர் டென்மார்க் வரவேண்டும் என்பவையே அக்கட்டளைகள். எங்கள் வீட்டுக்கு அருகில் அவர்களுக்கு ஒரு வீடும் பார்த்துவிட்டீர்கள். அதெல்லாம் என் நினைவில் இருக்கிறது.

முதலில் பயணத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இறங்கியதும் கடவுச்சீட்டுப் பார்க்கும் உத்தியோகத்தர் எங்கே போகிறீர் என்று கேட்டார். அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட இந்தத் தீவு ஒருகாலத்தில் டென்மார்க்கினுடையது, நானும் டென்மார்க் பிரசை என்ற பெருமையில், தீவின் பெயரைச் சொல்லாமல், ஒரு டென்மார்க் ராணியின் பெயர் கொண்ட தலைநகரத்தின் பெயரைச் சுத்தமான டேனிஷ் உச்சரிப்பில், சார்லட் அமலிக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அந்தப் பெண் உமக்கு என்ன முறை என்று கேட்டார். உறவில்லை, அவ ஒரு ராணி என்றேன். இப்போது எங்கே இருக்கிறா என்றார். செத்துக் கனகாலம் என்றேன். அதன்பிறகு என்னை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே வந்த பெரிய உத்தியோகத்தர் நல்ல மனுசி. தேசப்படத்தை எடுத்து, விரலால் தொட்டுக்காட்டி, ஊரா ஆளா என்று தீர்த்துவைத்தா. அதற்குள் என் விமானம் போய்விட்டது. வேறொரு தீவு வழியாக அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தது எங்கள் பழைய வான் வண்டி அளவான விமானம், அண்ணை. ஏறுமுன் ஆட்களை நிறுக்கிறார்கள். நிறுத்ததை ஒருத்தி உரத்துக் கூவுகிறாள், மற்றவள் எழுதுகிறாள், வரிசையில் நின்ற அவ்வளவு பேரும் என் வயிற்றைப் பார்க்கிறார்கள்.

இப்படிச் சுற்றி வந்ததால் வேறு நேரத்தில் வந்து இறங்கினேன். போனில் சார்ச் இல்லை. துவாரகாவோ கடலுக்கடியில் பவளம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சரி, விலாசம் தெரியுந்தானே என்று வீதிக்கு வந்து நின்றால், லொறியின் பின்பக்கத்தில் ஆட்கள் இருக்க வாங்குகள் அடித்து மேலே ஒரு கூரை போட்ட வாகனம் ஒன்று வந்தது. அதுதான் இங்கே பஸ். பக்கச் சுவரே இல்லை. நான் கிரின்ஸ்டெட் பழக்கத்தில் ஒருவர் முகத்தையும் பாராமல், வாய் திறவாமல் ஏறி இருந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இறங்குமிடம் கேட்டேன், சாரதி காது கேளாதவர் போல இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த அம்மா மெதுவாக, இங்கே முதலில் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை என்றா. நான் எழும்பிக் கூரையில் தலையை இடித்துக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். அவ்வளவு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். கிரின்ஸ்டெட் பஸ்ஸில் இப்படிச் செய்தால் ஆளுக்கு வெறி என்றுதான் நினைப்பார்கள். இருந்தாலும் அந்த ஒரு வணக்கத்தோடு எனக்கு அரைவாசிக் களைப்புப் போய்விட்டது என்பதை மறைக்கக்கூடாது.

துவாரகா இருக்கும் தெருவின் பெயர் ஸ்னெக்லே காடே. நத்தைத் தெரு என்று அர்த்தம். இங்கே தெருப்பெயர்கள் எல்லாம் இன்னும் டேனிஷ்தான். நான் இத்தனை வருடம் பாடுபட்டுப் படித்த உச்சரிப்பில் ஸ்னைல கேத என்று கேட்டேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. தொண்டையை இன்னும் இறுக்கிச் சொன்னேன். தண்ணீர் தந்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய், டென்மார்க்குக்கு வந்த புதிதில் மொழிப் பள்ளிக்கூடத்தில் வாசித்தது போல எழுத்துக்கு எழுத்து வாசித்தேன். அன்றைக்கு வகுப்பே சிரித்தது; இங்கே பஸ் முழுதும் “ஆ, ஸ்னெக்லே காடே” என்று கைகாட்டியது. டேனிஷ் மொழி எனக்கு வாய்த்த மாதிரியே பேசும் சனம் உலகத்தில் ஒரு மூலையில் இருந்திருக்கிறது, அண்ணை. நாங்கள்தான் பிழையான ஊருக்குப் போய்விட்டோம்.

ஆனால் பயமும் உண்டு. வாகனத்தின் சுக்கான் இடப்பக்கம், ஓடுவதும் வீதியின் இடப்பக்கம். மலை வளைவில் எதிரே வருவது சாரதிக்கு எப்படித் தெரிகிறதோ, நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெரு என்றார்கள், போய்ப் பார்த்தால் பாதி படிக்கட்டு. அந்தக்காலத்தில் கோப்பன்ஹேகனில் இருந்த யாரோ மலையைக் காணாமலே நேர்கோடு கீறி அனுப்பினார்களாம். பெட்டியை நானும் சாரதியும் மாறி மாறித் தூக்கினோம். பயணிகள் கீழே பஸ்ஸில் பொறுமையாக இருந்து, நாங்கள் இளைப்பாற நிற்கும்போதெல்லாம் கை அசைத்தார்கள்.

இனி மாப்பிள்ளை. வீட்டுவாசலில் பெட்டிமேல் குந்தியிருந்த என்னைத் தேடி வந்தது அவர்தான். நெடுவல், கறுவல், அமைதியான ஆள். தலைப்பாடமாக்கி வந்து “வணக்கம் மாமா” என்றார். மறுநாள் தன் வேலையைக் காட்டினார். அண்ணை, இருந்துகொண்டு வாசியுங்கள். அவர் பைலட்தான், ஆனால் விமானம் ஓட்டுகிறவர் இல்லை. பெரிய பயணிக் கப்பல்கள் வரும்போது ஒரு சின்னப் படகில் போய், ஓடுகிற கப்பலில் கயிற்றேணியால் ஏறி, பாறையில் முட்டாமல் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட். கோயிலில் நீங்கள் ஆருக்கெல்லாம் சொன்னீர்களோ, அவர்களுக்கு எப்படித் திருத்திச் சொல்வது என்பதைத் தாங்கள்தான் யோசிக்கவேண்டும்.

நான் பின்வாங்கவில்லை. உங்கள் கட்டளையை அப்படியே சொன்னேன். பிள்ளை எங்களுக்குக் கிட்ட இருக்கவேண்டும், கலியாணம் என்றால் நீர் டென்மார்க் வரவேண்டும் என்றேன். அவர், கிரின்ஸ்டெட்டில் துறைமுகம் இருக்கிறதா என்று கேட்டார். கடலே இல்லை என்றேன். அப்படியென்றால் பஸ் ஓட்டப் பழகுகிறேன், துவாரகா அங்கே இருந்தால் நானும் அங்கே என்றார். துவாரகா எழுந்து டேனிஷில் என்னவோ முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஆகவே காரியம் வெற்றி. பொடியன் வரச் சம்மதம். பார்த்த வீட்டை விடவேண்டாம். அண்ணியின் முழங்கால் சுகப்பட்டு நீங்கள் இருவரும் நீண்டகாலம் எங்களை அதட்டிக்கொண்டு இருக்க எல்லாம்வல்ல முருகனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள தம்பி,
சிறீஸ்கந்தராசா.

பி.கு.: இதைத் தபாற்கந்தோர் வாசலில் உறையைக் கிழித்து எழுதுகிறேன். தபாலில் போடத் துவாரகாவோடு கடற்கரை வழியாக வந்தேன். ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது, எங்கள் கிரின்ஸ்டெட்டை அப்படியே நிமிர்த்தி வைத்த மாதிரி. அதன் விலாவில் ஸ்ரிபன் எறும்பு போல ஏறிக்கொண்டிருந்தார். அவர் மேல்தட்டில் கால்வைக்கும்வரை பிள்ளை என் கையை விடவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படித்தானா என்று கேட்டேன். தமிழிலேயே பதில் சொன்னாள்.

“ஓம் அப்பா. ஏறினாப் பிறகு அவரின்ரை முகத்தைப் பாருங்கோ.”

பார்த்தேன். அந்த முகத்தைக் கொண்டுபோய்க் கிரின்ஸ்டெட் பஸ்ஸில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அண்ணை.

“நீங்கள் இரண்டு பேரும் இங்கையே இருங்கோ. பெரியப்பாவுக்கு நான் எழுதிறன்” என்றேன்.

ஆகையால் மேலே எழுதிய முடிவைத் தயவுசெய்து வெட்டிவிடவும். அந்த வீடும் வேண்டாம். போனில் சொன்னதும் புஷ்பராணி கூறைச்சேலை பார்க்க வெளிக்கிட்டுவிட்டாள். பெரியப்பா என்ற முறையில் தாலி எடுத்துக் கொடுக்கவேண்டியது நீங்கள். ஐயரிடம் நாள் கேட்கும்போது, நட்சத்திரத்தோடு சேர்த்து, கப்பல் வராத நாளாகவும் பார்க்கச் சொல்லுங்கள்.