அப்புத் தொரை போட்ட பிளான்

இரத்தினபுரி டவுனில் ஒரு கல்லை எடுத்து வைக்காமல், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடாமல், யாருக்கும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைக் கட்டி முடித்தவர் அப்புத் தொரை ஒருவர்தான். அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை. வந்தாலும் அந்தக் கால்சட்டை கிடைக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். டவுனையே உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டுக்கூரை போட்ட பழைய கடைகளை இடிப்பதும், அந்த இடத்தில் மாடி எழுப்புவதுமாக ஊர் முழுக்கத் தூசி. எங்கள் கடைக்கு நேர் எதிரே இருந்த ஐந்து கடைகளைக் குருவிட்டப் பக்கத்து மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் மொத்தமாக வாங்கி இடித்துப்போட்டார். கடைத்தொகுதி வரப்போகிறது என்றார்கள். எங்கள் முதலாளி அன்றைக்கே சீமெந்து லொறிக்குச் சொல்லியனுப்பினார்.

அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். காக்கி அரைக்கால்சட்டை, காலில் முழங்கால்வரை இழுத்த வெள்ளை மேஸ், தலையில் தொப்பி, கையில் பிரம்பு. அந்தக் கால்சட்டை அவரைப்போல இரண்டு பேருக்குத் தாராளம். இடுப்பு வாரை ஒன்றரைச் சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். நேராகப் போய் அத்திவாரக் கிடங்கின் ஓரத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

வேலையைப் பொறுப்பெடுத்திருந்தவர் ஒரு சிங்கள மேசன் பாஸ். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, பெரிய மனிதர்களைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

"மஹத்தயா?"

"ம்ம்" என்றார் வந்தவர். பிரம்பால் கிடங்கைக் காட்டினார். சுத்தமான சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது போதுமா?"

பாஸ் ஒரு தடவை கிடங்கைப் பார்த்தார், ஒரு தடவை பிரம்பைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை அடி ஆழமாக வெட்டச் சொல்லிவிட்டார்.

மற்ற ஊர்களில் கிடங்கு வெட்டினால் அது கிடங்கு. இரத்தினபுரியில் வாழைக்கன்று நடக் குழி தோண்டினாலும், மாணிக்கக்கல் வருமா என்று பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர் வந்து ஆழமாக வெட்டச் சொன்னார் என்றதும் தெருவே அங்கே கூடிவிட்டது. மண்வெட்டிக்காரர்கள் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்தார்கள். செய்தி குருவிட்டவரை போய், முதலாளியே ஜீப்பில் பறந்து வந்து வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்கில் இறங்கினார். கடைசியில் கிடைத்தது ஒரு சைக்கிள் ஹேண்டிலும் இரண்டு சோடாப் போத்தலும்தான்.

எனக்கு மட்டும் அந்த ஆள் யாரென்று தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தவர். சமையலும் பரிமாறலும் அவர் பொறுப்பு. அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது, தோட்டத்தை நடத்திய பழைய தொரை போய்விட்டார். போகும்போது தன் பழைய உடுப்புகளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக வந்த தொரை சின்னப் பையன், நூடில்ஸ் அவித்துத் தானே சாப்பிட்டுக்கொள்வான். அவனுக்கு அப்பு தேவைப்படவில்லை. அப்புவுக்கு வேலை போயிற்று, கால்சட்டை மிச்சமாயிற்று. அவரை அப்புத் தொரை என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான்.

அன்று மத்தியானம் அவர் எங்கள் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தபோது கேட்டேன்.

"என்னங்க ஐயா இது? மாட்டிக்கிட்டா என்னங்க செய்வீங்க?"

"நான் யாருக்கிட்டயாச்சும் தொரைன்னு சொன்னேனா தம்பி? நிக்கிறேன். நிக்கிறதுக்கு யாருக்கிட்ட கேக்கணும்?"

"கட்டட வேலையப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. தொரைமாருக்கு வேல தெரியணும்னு இல்ல தம்பி, நிக்கத் தெரியணும். நான் முப்பது வருசம் பக்கத்துல இருந்து பாத்தவன். அவுங்க அதிகம் பேசமாட்டாங்க. பேசுனா எல்லாம் வெளிய வந்துரும்."

பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவருடைய மனைவி மீனாச்சி டவுனுக்கு வருவதில்லை. டவுனில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு வருகிற நாளில் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். மீனாச்சி அப்படி வந்து ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்ததில் வெட்கப்பட்டுப்போய், இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டார்.

"முப்பது வருசம் பங்களா குசினியே கதின்னு கெடந்தேன் தம்பி. தொரை சாப்புட்டு முடிச்சு நான் வூட்டுக்குப் போறப்ப அவ தூங்கிருப்பா. ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப நேரம் இருக்கு, கூட்டிட்டுப் போறேங்குறேன், வரமாட்டேங்குறா. இந்தப் பில்டிங்குல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வச்சாங்கன்னா வருவா."

"அத நேராக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். நேத்து சாரத்தோட வந்து அந்தப் பாஸ்கிட்டயே கேட்டேன். 'போங்க போங்க, தூசி படும்'னாரு. இன்னைக்குத் தொரை கால்சட்டையப் போட்டுக்கிட்டு வந்தேன். மஹத்தயாங்குறாரு."

அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். பாஸ் அவரை மாணிக்கக்கல் முதலாளியின் ஆள் என்று நினைத்தார். முதலாளி அவரை நகரசபையிலிருந்து வருகிறவர் என்று நினைத்து, தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அரசாங்க ஆளிடம் அதிகம் பேச்சுக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. முதலாளி வருகிற நாளில் மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் கேட்டுக்கொள்ளவேயில்லை.

கொங்கிறீட் கலக்கும் இடத்தில் நிற்பார். "இது போதுமா?" என்பார். இன்னும் ஒரு பை சீமெந்து போடுவார்கள். கம்பி கட்டும் இடத்தில் நிற்பார். "இது போதுமா?" இன்னும் இரண்டு கம்பி ஏறும். எங்கள் முதலாளி அவரைக் குலதெய்வம்போல் கவனித்துக்கொண்டார். காலையில் அவர் வருகிற பஸ் பிந்தினால் வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பார்.

ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. சைட்டில் பத்து மணிக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு கறள் பிடித்த தகரத்தில் தண்ணீரையும் தூளையும் சீனியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைப்பதுதான் அவர்கள் வழக்கம். அப்புத் தொரை பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அன்றைக்கு முடியவில்லை. பிரம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பண்டை போய், தகரத்தைக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் வைத்து, தூளைத் தனியாக ஊறவிட்டு வடித்தார். ஒரு துவாயை மடித்து இடது கையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் வலது பக்கமாகப் போய்ச் சற்றுக் குனிந்து கொடுத்தார். 'சீனி எவ்வளவு?' என்றும் கேட்டார். எதிரே எங்கள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புவென்று தெரிந்துவிடும், தொலைந்தார் மனுஷன் என்று நினைத்தேன்.

பாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"எத்தனை பெரிய மனுசன் பாருங்க தம்பி! எங்களுக்குத் தன் கையால தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறாரு. இருபது வருசமா வேல செய்றேன், இப்பிடி ஒரு மஹத்தயாவப் பாக்கல."

அதற்குப் பிறகு அவர் சொன்னால் பாஸ் கிணற்றிலும் குதித்திருப்பார். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் பிளானில் முதலாளியின் ஸ்டோர் ரூம் இருந்தது. அப்புத் தொரை ஒரு நாள் அங்கே போய் நின்று பிரம்பால் தரையில் இரண்டு கோடு போட்டார்.

"இங்க கக்கூஸ். பொம்பளைங்களுக்கு. ரெண்டு."

"பிளான்ல இல்லையே மஹத்தயா?"

"ம்ம்."

பாஸ் கட்டிவிட்டார்.

ஒன்றைக் கட்டித் தண்ணீர்க் குழாயும் இழுத்து, தற்காலிகமாக ஒரு பலகைக் கதவும் போட்டாயிற்று. இரண்டாவதற்கான பீங்கான் பேசினை நான் கொண்டுபோய் இறக்கிய காலையில் முதலாளி வந்துவிட்டார். ஜீப்பின் முன் சீட்டில் அவருடைய மனைவி. முதலாளி பேசினைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கக்கூஸ் முதலாளி."

"என்ட ஸ்டோர் ரூம் எங்க?"

"மஹத்தயா சொன்னாரே…" பாஸ் கையைக் காட்டினார்.

முதலாளி அப்புத் தொரையிடம் போனார். பணிவாகவே கேட்டார். "ஐயா நகரசபையில என்ன வேலை?"

இத்தனை மாதத்தில் அவர் யாரென்று அந்த சைட்டில் முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். ஏதாவது ஒரு உத்தியோகத்தைச் சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நகரசபை இல்லீங்க முதலாளி. நான் தோட்டத்துப் பங்களாவுல அப்புவா இருந்தவன்."

பாஸின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. முதலாளிக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"குசினிக்காரனா என்ட பில்டிங்குக்குப் பிளான் போட்டது?"

"எங்க வூட்டு ஆளு ஒரு நாளாச்சும் இந்த டவுன்ல நடக்கணும் முதலாளி. அதுக்குத்தான். மத்ததெல்லாம் சும்மா நின்னேன்."

"உன்ட பொண்டாட்டிக்கு நான் கக்கூஸ் கட்டணுமா? பாஸ், உடை இதை! இப்பவே உடை!"

பாஸ் இடிக்கிற அலவாங்கைத் தேடுகிற மாதிரி அலவாங்கு இல்லாத இடங்களிலெல்லாம் தேடினார். அப்புத் தொரை அந்தப் பலகைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. எனக்குத் தாங்கவில்லை.

அப்போது ஜீப்பின் கதவு திறந்தது. முதலாளியின் மனைவி இறங்கி வந்தார். வாராவாரம் கணவரோடு வந்து, அவர் வங்கி, வக்கீல், கல் வியாபாரம் என்று சுற்றி முடிக்கும்வரை மணிக்கணக்கில் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கிற அம்மா. என்ன சத்தம் என்று கேட்டார். பாஸ் விளக்கினார். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி வருதா?"

"வருது நோனா."

கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

குருவிட்டப் பக்கமெல்லாம் பெயர் கேட்டால் நடுங்கும் முதலாளி, ரோஸ் நிறக் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றார். அம்மா வெளியே வந்தார், பையை வாங்கினார்.

"இது இருக்கட்டும். இன்னும் ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். முதலாளிக்கு உலகத்தில் பயப்பட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். ஆக, இரண்டு கக்கூஸ் மூன்றாயிற்று.

குட்டு வெளிப்பட்ட வெட்கத்தில் அப்புத் தொரை மறுநாள் வரவில்லை. அடுத்த கிழமை மேல்மாடிக் கொங்கிறீட் போடுகிற நாள். கலவை தயார், ஆட்கள் தயார். பாஸ் வேலையைத் தொடங்கவே மறுத்துவிட்டார். "அந்த மனுசன் வந்து நிக்காம எனக்குக் கை வராது" என்று சொல்லி, தோட்டத்துக்கு ஓட்டோ அனுப்பி அவரை வரவழைத்தார். அப்புவென்று தெரிந்த பிறகும் அவரை மஹத்தயா என்றுதான் கூப்பிட்டார்.

கட்டடம் திறந்த அன்று குத்துவிளக்கு, ரிபன், பேண்ட் வாத்தியம் எல்லாம் இருந்தன. அவர் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளை சேர்ட், எண்ணெய் தேய்த்து வாரிய தலை. பக்கத்தில் நீலச் சேலையில் ஒரு அம்மா. எதிரே நின்ற எனக்கே அவரை அடையாளம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இரண்டு பேரும் ஒவ்வொரு கடைக் கண்ணாடியாக நின்று நின்று பார்த்தார்கள். அம்மா படிக்கட்டுக்குப் பின்னால் போய் வந்தார். பிறகு இரண்டு பேரும் ஐஸ்கிறீம் வாங்கித் தின்றுவிட்டு எங்கள் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தார்கள்.

"எந்த மகராசன் கட்டுனானோ தம்பி, பொம்பளைங்க கஷ்டம் தெரிஞ்சவன். நல்லா இருக்கணும்" என்றார் மீனாச்சியம்மா.

நான் வாயைத் திறந்தேன். அப்புத் தொரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாங்கப்போகிறவர்போல எங்கள் பெயின்ட் டின்களை எண்ணத் தொடங்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு உண்டான பிரியம் இன்றைக்கும் குறையவில்லை.

கிளம்பும்போது மீனாச்சியம்மா என் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்த மனுசன் வெவரம் தெரியாத ஆளுங்க தம்பி. பங்களா குசினிய விட்டா ஒண்ணும் தெரியாது. இந்த டவுன்ல அவருக்கு ஒருத்தரையும் தெரியாது. தனியா வந்தா கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்றேன். நான் அந்தக் கடையில் இருந்த அத்தனை வருடமும் அதற்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் தனியாக வரவேயில்லை.